கல்லில் செய்த தச்சு வேலை

பட்வா ஹவேலி என்று ஜெய்சல்மேரில் எல்லோரும் ஒருமையில்தான் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஐந்து வீடுகள். ஒரு குறுகலான சந்துக்குள் ஐந்தும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று முகப்பை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். குமன் சந்த் பட்வா என்ற ஜைன வணிகர் 1805ஆம் ஆண்டு வாக்கில் முதல் வீட்டைத் தொடங்கினார். அவருக்கு ஐந்து மகன்கள், ஆளுக்கொரு வீடு. எல்லா வேலையும் முடிய ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்கிறார்கள்.

பட்வா என்பது தொழிற்பெயர். பட்டு, சரிகை நூல் வேலையோடு தொடர்புடைய சொல். குடும்பத்தின் குலப்பெயர் பாஃப்னா. சரிகையில் ஆரம்பித்து வட்டிக்கடை, உண்டியல் மாற்று, அபின் வணிகம் என்று வளர்ந்தவர்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து சீனா வரைக்கும் முந்நூறு கடைகள் வைத்திருந்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். முந்நூறா முப்பதா என்று யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் சிந்து வழியாக மேற்கே போன ஒட்டக வண்டிப்பாதைகளின் சுங்கமும் கடனும் ஜெய்சல்மேரைப் பணக்கார ஊராக்கின என்பதில் சந்தேகமில்லை. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊர். அங்கே விளைச்சலால் யாரும் மாளிகை கட்டியிருக்க முடியாது.

நான் அங்கே போனது வேலை விஷயமாக ஜோத்பூர் போன இடத்தில் கிடைத்த இரண்டு நாள் விடுப்பில். கட்டடக்கலை நான் படித்த பாடமில்லை. படித்தது கணினிப் பொறியியல், பிழைப்பது பெங்களூரில். ஆனால் ஊர் சின்னசேலம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மரச்சிற்பம் செய்கிற ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. சாலையோரப் பட்டறையில் பாதி முகம் வந்த பிள்ளையாரும், இறக்கை மட்டும் முடிந்த கருடனும் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைப் பக்கமிருந்து வந்த கைவினைஞர்களிடமிருந்து வளர்ந்த மரபு என்பார்கள். வாகையும் வேம்பும் மாவிலங்கையும் தேக்கும் வெட்டுப்பட்டுக் கிடக்கும் வாசனை இன்னமும் எனக்கு ஊரின் வாசனை.

அதனால்தானோ என்னவோ, அந்தச் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது கண்ணுக்குக் கல் தெரியவில்லை. மரம்தான் தெரிந்தது.

திரும்பி வந்ததும் ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான ஆசாரியிடம் கைபேசியில் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்ல வேல. என்ன மரம் தம்பி?"

"மரம் இல்லீங்க. கல்லு."

"கல்லா? சும்மா சொல்லாத. இந்த ஜன்னல் கால் எறங்குற எடத்தப் பாரு, கூர் இருக்குது. கல்லுல எவனாவது கூர் எடுப்பானா?"

கூர் என்று அவர் சொன்னது, ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி இன்னொரு மரத்தின் துளைக்குள் இறக்குகிற அந்த நாக்கை. கதவு நிலை, கட்டில் கால், தேர்ச்சட்டம் எல்லாம் கூரும் துளையும் சேர்ந்து நிற்பவைதான். ஆணி பிற்பாடு வந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கல்லில் எவனாவது கூர் எடுப்பானா? ஜெய்சல்மேரில் எடுத்தார்கள். அந்த ஊர் வீடுகளின் முழு ரகசியமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

பட்வா வீடுகளின் முகப்பில் கற்களுக்கு நடுவே சாந்து கிடையாது. ஒரு கல்லில் பள்ளம், அடுத்த கல்லில் மேடு. இரண்டையும் பொருத்தி உட்கார வைத்திருக்கிறார்கள். தேவைப்பட்ட இடத்தில் இரும்புப் பட்டை போட்டுப் பிணைத்திருக்கிறார்கள். தூண் தனி, அதன் மேல் போதிகை தனி, அதன் மேல் உத்திரம் தனி, சாளரத்தின் அடித்தளம் தனி, அதைத் தாங்குகிற கொடுங்கை தனி. ஒவ்வொன்றையும் தரையில் வைத்தே செதுக்கி முடித்துவிட்டு மேலே தூக்கிப் பொருத்துவது. இன்றைய பேச்சில் சொன்னால் முன்கூட்டியே தயாரித்த பாகங்களை வைத்துக் கட்டும் முறை. கொத்தனார் செங்கல் மேல் செங்கல் வைத்து ஏறுகிற மாதிரி இல்லை. தச்சர் சட்டம் பூட்டுகிற மாதிரி.

தண்ணீர் அரிதான ஊரில் சுண்ணாம்பைக் குழைக்கக்கூடத் தண்ணீர் செலவு செய்ய யோசிக்க வேண்டும் என்பது இதற்கு ஒரு காரணம். கல் இன்னொரு காரணம். ஜெய்சல்மேர்க் கல்லை மணற்கல் என்றே பலரும் எழுதுகிறார்கள். மணற்கல்லும் அங்கே உண்டு, ஆனால் அந்தத் தேன் நிறக் கல்லில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல் வகை. ஜுராசிக் காலத்துக் கடலடியில் படிந்தது. உடைத்தால் சிப்பிப் புதைபடிவங்கள் தெரியும். நம் அரியலூர்ப் பக்கமும் இப்படி ஒரு பழைய கடல்தான், அது கிரெட்டேசியஸ் காலத்தது, இன்னும் பிந்தியது. இந்த வகைக் கல் வெட்டியெடுத்த புதிதில் உள்ளே ஈரம் இருக்கும்வரை உளிக்கு இணங்கும். காற்றுப்பட்டு உலர உலர மேல்பரப்பு இறுகும்.

எங்கள் பக்கத்துக் கல் வேறு சாதி. கல்வராயன் மலைப் பக்கம் கிடைப்பவை நைஸும் சார்னோக்கைட்டும். (சார்னோக்கைட் என்ற பெயரே கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது, அந்தக் கல் போனது நம் பல்லாவரம் பக்கமிருந்து.) அதில் ஒரு பூவிதழை எடுக்க ஒரு நாள் ஆகும் என்றால், ஜெய்சல்மேர்க் கல்லில் அரை நாளில் ஒரு பூங்கொத்தே வந்துவிடும். நம் சிற்பிகளுக்கு ஈடு இல்லை என்று பெருமைப்படுகிறவர்கள் அந்தக் கல்லையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் பெருமைப்படலாம். பெருமை குறையாது, கணக்கு சரியாகும்.

ஆக, மரம் போலச் செதுக்க முடிகிற கல் கையில் இருக்கிறது. மரமோ ஊரில் இல்லை. பாலைவனத்தில் வளர்வது ரோஹிடா மாதிரி சிறிய மரங்கள்தான். நீளமான உத்திரம் வேண்டுமென்றால் வெளியிலிருந்து வர வேண்டும். அண்டை நிலமான குஜராத்திலோ செதுக்கிய மர வீடுகள் கட்டுகிற வலுவான மரபு உண்டு. வணிகர்கள் இரண்டு பக்கமும் போய் வந்தவர்கள். கண்ணுக்குப் பழகிய மர வடிவம், கைக்குக் கிடைத்த மஞ்சள் கல். சிலாவட் என்றழைக்கப்பட்ட கல் தச்சர்கள் இரண்டையும் சேர்த்தார்கள். சிலா என்றால் கல். நம் சிலையும் அதே சொல்தான். இந்தச் சிலாவட்டுகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஜைனருக்கும் இந்துவுக்கும் முஸ்லிம் கட்டிய வீடுகள் அவை. 1885இல் கட்டி முடித்த நத்மல் ஹவேலியை ஹாத்தி, லூலு என்ற இரண்டு சகோதரர்கள் ஆளுக்கொரு பாதியாகச் செதுக்கினார்கள் என்பது ஊர் வழக்கு. எட்டி நின்று பார்த்தால் இரண்டு பாதியும் ஒன்று. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு பூகூட ஒத்துப்போகாது. சிலாவட்டுகளில் பலர் பிற்பாடு கராச்சிக்குக் குடிபெயர்ந்து, அந்த நகரத்தின் கல் கட்டடங்களில் வேலை செய்தார்கள். 1947க்குப் பிறகு ஒரே கைமரபு இரண்டு நாடுகளில் பிரிந்துகிடக்கிறது.

ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு வடிவம் தாவுவது ஜெய்சல்மேரின் கண்டுபிடிப்பு அல்ல. இந்தியக் கட்டடக்கலையின் பழைய பழக்கம் அது. மாமல்லபுரத்து திரௌபதி ரதம் ஓலைக் குடிசையின் கல் வடிவம். அதற்கும் முன்னால், எங்கள் பழைய விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்துவிட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்தேன் என்று கல்வெட்டில் எழுதி வைத்தான். எதெல்லாம் இல்லை என்று அவன் போட்ட பட்டியலிலிருந்தே, அதுவரை கோயில்கள் எதனால் கட்டப்பட்டன என்று நமக்குத் தெரிகிறது. ஆவுடையார்கோயில் கொடுங்கைக்குக் கீழே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கல்லில் கைமரம், கல்லில் குறுக்குச் சட்டம், கல்லிலேயே ஆணித்தலை. ஆவுடையார்கோயில் கொடுங்கையும் தாரமங்கலத்துத் தூணும் நீங்கலாக மற்ற எதையும் செய்து தருகிறோம் என்று ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதுவார்கள் என்று ஒரு சொல்வழக்கு உண்டு. ஆசாரியிடம் நான் இதைச் சொன்னபோது, "அது சாமிக்கு. சாமி வீட்டுல யாரும் குளிக்கப் போறதில்ல, சமைக்கப் போறதில்ல. மனுசன் குடியிருக்க யாரு இப்படிச் செய்வா?" என்றார்.

இதுவும் சரியான கேள்விதான். நம்மிடம் கல் கோயில்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கல்லால் ஆன பழைய ஊர்வீடு? தேடினால் கிடைக்காது. அரசர்களுக்கே கிடையாது. கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் தோண்டியபோது கிடைத்தவை செங்கல் அடித்தளங்களும், மரத்தூண்கள் நின்ற இடங்களும், கூரை ஓடுகளும். ராஜேந்திரன் கட்டிய கோயில் அருகிலேயே முழுசாக நிற்கிறது, அவன் படுத்துறங்கிய வீடு மண்ணுக்குள். கல் தெய்வத்துக்கு, மண்ணும் மரமும் மனிதனுக்கு என்ற பங்கீடு வெகுகாலம் இருந்திருக்கிறது. பாலைவனத்துக்காரர்களுக்கு அந்தச் சொகுசு இல்லை. மனிதனுக்கும் அதே கல்தான்.

ஜெய்சல்மேர் வீட்டுக்குள் நுழைந்தால் நம் ஊர்க்காரருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. தெருவிலிருந்து சில படி உயரத்தில் வாசல். வாசலுக்கு இருபுறமும் உட்காருகிற மேடை; அதைத் திண்ணை என்றே சொல்லிவிடலாம், கணக்கு வழக்கெல்லாம் அங்கேதான். அப்புறம் நேராக உள்ளே பார்வை போகாதபடி ஒரு திருப்பம். அப்புறம் முற்றம். முற்றத்தைச் சுற்றி அறைகள், மேலே மூன்று நான்கு அடுக்குகள். நிலவறை. ராத்திரி படுக்க மொட்டை மாடி. கோடையில் பகல் 45 டிகிரியைத் தாண்டும் ஊரில் குடும்பமே பகலில் கீழே இறங்கும், இரவில் மேலே ஏறும். பருவத்துக்கும் பொழுதுக்கும் தக்கபடி வீட்டுக்குள்ளேயே இடம்பெயர்கிற வாழ்க்கை.

முகப்பைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும். அத்தனை செதுக்கல் எதற்கு? பணத்திமிர் என்பது ஒரு பதில், பொய்யும் இல்லை. ஆனால் ஜெய்சல்மேரின் இயற்கைக் குளிர்விப்பு முறைகளை 1980களில் ஆராய்ந்த வினோத் குப்தா என்ற கட்டடக்கலைஞர் வேறொரு கோணத்தைக் காட்டினார். செதுக்கிய சுவரின் பரப்பு சமதளச் சுவரைவிடப் பல மடங்கு. மேடாக இருக்கும் பகுதி பள்ளமாக இருக்கும் பகுதிக்கு நிழல் தருகிறது, அதனால் வெயில் நேரடியாகப் படும் பரப்பு குறைகிறது. வெயில் போனபின் அந்தக் கூடுதல் பரப்பே சூட்டைக் காற்றுக்கு வேகமாக விட்டுவிடுகிறது. என் மேசைக் கணினியைத் திறந்தால் செயலிக்கு மேல் வரிவரியாக அலுமினியத் தகடுகள் இருக்கும், அதே வேலை. ஜாலியின் சின்னச்சின்ன ஓட்டைகள் கண் கூசும் வெளிச்சத்தை வடிகட்டிக் காற்றை மட்டும் விடும். பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெரு அவர்களைப் பார்க்காது. இதில் காற்றோட்டத்தைவிடக் கட்டுப்பாடுதான் முதல் நோக்கம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. செதுக்கியவர்கள் வெப்ப இயற்பியலைக் கணக்குப் போட்டுச் செதுக்கினார்கள் என்று நான் நம்பவில்லை. செதுக்கிய வீடு குளிர்ச்சியாக இருக்கிறது என்று குடியிருந்தவர்கள் கண்டிருப்பார்கள், அடுத்த வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செதுக்கச் சொல்லியிருப்பார்.

அந்தச் சாளரங்களுக்கு மேல் வில் போல் வளைந்து இரண்டு ஓரமும் கீழே தொங்குகிற ஒரு கூரை இருக்கிறது. அதன் ஊர் வங்காளம். அடைமழையில் தண்ணீர் வழிந்தோட மூங்கிலை வளைத்து வேய்ந்த குடிசைக் கூரை. முகலாயர்களுக்குப் பிடித்துப்போய் ஆக்ராவுக்கும் லாகூருக்கும் போயிற்று, அங்கிருந்து ராஜபுத்திர அரண்மனைகளுக்கு. கடைசியில், மழையே காணாத ஒரு ஊரில், மூங்கிலே காணாத கைகள் அதைக் கல்லில் வளைத்திருக்கின்றன. எனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். எங்கள் வேலையில் இதைப் பழைய குறிநிரல் என்போம்: எதற்காக எழுதினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் அது இல்லாமல் புது வெளியீடு போகாது.

இந்த வீடுகளைக் கட்டிய காலம்தான் எனக்கு முதலில் புரியவில்லை. 1805இலிருந்து ஐம்பது ஆண்டுகள் என்றால், ஜெய்சல்மேரின் வணிகம் உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கிய காலம் அது. கடல்வழியும் பம்பாய்த் துறைமுகமும் ஒட்டகப் பாதைகளைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. 1818 டிசம்பரில் ஜெய்சல்மேர் அரசு கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. அதே ஆண்டு உதய்ப்பூருக்குக் கம்பெனியின் பிரதிநிதியாக வந்தவர் ஜேம்ஸ் டாட், பின்னால் ராஜஸ்தான் வரலாறு எழுதியவர். குமன் சந்தின் மகன்களில் ஒருவரான ஜோராவர் மல் உதய்ப்பூருக்குப் போய் அந்த அரசின் வங்கியாளர் ஆகிறார். இந்தூர் பக்கமும் குடும்பத்தின் கை நீள்கிறது. அந்த வழியில் வந்த சிரேமல் பாஃப்னா இருபதாம் நூற்றாண்டில் இந்தூர் சமஸ்தானத்தின் பிரதமராகவே இருந்தார். அதாவது ஜெய்சல்மேரில் சாளரங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தபோதே, அந்தச் சாளரத்தில் உட்கார வேண்டியவர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

செட்டிநாட்டைத் தெரிந்தவர்களுக்கு இது புதிரே இல்லை. பணம் ரங்கூனில், பினாங்கில், வீடு கானாடுகாத்தானில். பர்மா தேக்கு, வெளிநாட்டுப் பளிங்கு, ஆத்தங்குடித் தரை, வருஷத்தில் கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும் நிறைகிற எண்பது அறை. தொலைவில் சம்பாதிக்கிறவனுக்கு ஊரில் வீடு குடியிருக்க அல்ல. கடன் கொடுப்பவனும் பெண் கொடுப்பவனும் பார்த்து நம்புவதற்கு. உண்டியலில் கையெழுத்து எப்படியோ, அப்படி. பட்வாக்கள் வீட்டை அலங்கரித்ததில் வீண் ஆடம்பரத்தைவிட இந்தக் கணக்குதான் அதிகம் என்பது என் எண்ணம். நான் பெங்களூரில் இருந்துகொண்டு சின்னசேலம் வீட்டுக்கு மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறேனே, அதிலும் இந்தக் கணக்கின் ஒரு சின்னத் துணுக்கு இருக்கிறது.

பிறகு 1947. சிந்துப் பாதை எல்லைக்கோடாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஜெய்சல்மேர் ரயிலில்லாத, தொழிலில்லாத எல்லையோர ஊராகக் கிடந்தது. ரயில் வந்ததே 1960களின் இறுதியில்தான். இடித்துக் கட்டப் பணம் இல்லாததால் வீடுகள் பிழைத்தன. வறுமை சிலநேரம் தொல்லியல் துறையைவிட நல்ல காவலாளி. இன்று ஐந்தில் ஒன்று கோத்தாரி அருங்காட்சியகம் என்ற பெயரில் தனியாரிடம், அரசின் வசம் போன பகுதி பாதுகாக்கப்பட்ட சின்னமாக. நுழைவுச்சீட்டு தனித்தனி. தனியார் பகுதியில் அறைகளில் கட்டில், தலைப்பாகை, பாத்திரம், தராசு எல்லாம் வைத்து வாழ்ந்த வீடு மாதிரி காட்டுகிறார்கள். அரசுப் பகுதி பெரும்பாலும் காலி. எனக்குக் காலி அறைகள்தான் பிடித்தன, சுவர் தெரிந்தது.

சாந்தில்லாத கல் வீட்டுக்கு எதிரி வெயில் இல்லை, தண்ணீர். கூரைகள் மர உத்திரமோ கல் பலகையோ பரப்பி, மேலே புல் பாயும் கனத்த மண்ணும் போட்டு இறுக்கியவை. கொஞ்சம் மழைக்கு அது போதும். ஒரே நாளில் கொட்டினால் மண் ஊறி எடை கூடும், ஓதம் சுவருக்குள் இறங்கும். கல்லைப் பிணைத்த இரும்புப் பட்டை துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். இடுக்கை அடைக்கிறேன் என்று யாராவது சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம். சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி. ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாகவே வந்து, உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். உப்பு படிகமாகும்போது மேல்தோல் உமி மாதிரி உதிரும்.

ஜெய்சல்மேர்க் கோட்டைக்கு நடந்தது இதுதான். 1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டை, இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிற கோட்டை. குடத்தில் தண்ணீர் சுமந்த காலம் வரை பிரச்சினை இல்லை. குழாய் வந்தது, தங்கும் விடுதிகள் வந்தன, கழிவறைகள் வந்தன, வடிகால் மட்டும் அதற்குத் தக்க வரவில்லை. மலைக்கு அடியில் இருக்கும் களிமண் ஊறிச் சுவர்கள் சரிந்தன. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. 2013இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. தாகத்தில் எட்டு நூற்றாண்டு நின்ற கோட்டை தண்ணீர் வந்ததும் ஆட்டம் கண்டது. அதற்காக அந்த மக்கள் இன்னமும் குடம் சுமக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குழாய் போட்டவர்கள் சாக்கடையும் போட்டிருக்கலாம்.

இவ்வளவும் நான் ஏன் தேடித் தேடிப் படித்தேன் என்றால், எங்கள் வீடு.

சின்னசேலத்தில் தாத்தாவின் அப்பா நெல் மண்டி வைத்திருந்தபோது கட்டிய வீடு. மாளிகை ஒன்றுமில்லை. திண்ணை, ரேழி, முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அதைத் தாங்கும் பன்னிரண்டு தேக்குத் தூண், ஒவ்வொன்றின் தலையிலும் செதுக்கிய போதிகை. சுவர் செங்கலும் சுண்ணாம்பும். ஓடு பாதி சரிந்துவிட்டது. பங்கு மூன்று: பெரியப்பா, அப்பா, அத்தை. பெரியப்பா மகன் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறான். "நீ பெங்களூர்ல இருந்துகிட்டு கலை, வரலாறுன்னு பேசுவ. மழைக்காலத்துல ஓட்டு மேல ஏறி தார்ப்பாய் போடுறவன் நான்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது உண்மை.

சட்டம் இங்கே உதவாது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் நினைவுச்சின்னங்களுக்கானவை. நடைமுறையில் கோயில், கோட்டை, குகை, கல்வெட்டு. ஊருக்குப் பத்து இருக்கிற சாதாரண முற்றத்து வீட்டை அவை கண்டுகொள்வதில்லை, எல்லா வீட்டையும் சின்னமாக்கவும் முடியாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு, கீழே தமிழ் மரத்தூணும் மேலே பிரெஞ்சுப் பாணித் தூணுமாக இன்றும் நிற்கிறதென்றால், அவர் நாட்குறிப்பு எழுதியதும் அதற்கு ஒரு காரணம். எங்கள் கொள்ளுத்தாத்தா எழுதியதெல்லாம் மண்டிக் கணக்கு.

இப்படிப்பட்ட வீடுகள் எங்கே போகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூணும் நிலையும் கதவும் விலைக்கு நிற்கின்றன. ராஜஸ்தான் சாளரங்களும் இதே வழியில் விடுதி வரவேற்பறைகளுக்குப் போகின்றன. கழற்ற முடிகிற வீடு கழற்றி விற்கவும் வசதியானது. ஆனால் கழற்ற முடிகிற வீட்டை மறுபடி பூட்டவும் முடியும். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் நிற்கும் வீடுகள் பல, அவற்றின் சொந்த ஊரில் பிரித்து, கொண்டுபோய் மறுபடி பூட்டியவை. கூரும் துளையும் இருந்ததால்தான் அது முடிந்தது. இன்றைய கான்கிரீட் வீட்டை இடிக்கத்தான் முடியும்.

ஆசாரியை அழைத்துப் போய் வீட்டைக் காட்டினேன். தூணைத் தட்டினார், அடியில் கரையான் இருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்த்தார். பன்னிரண்டில் இரண்டுக்கு மட்டும் அடிப்பாகம் போய்விட்டது, ஒட்டு வைக்கலாம் என்றார். பெரியப்பா மகன் கூடவே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இத அப்படியே பிரிச்சு, பின்னாடி தோட்டத்துல சின்னதா ஒரு கூடம் கட்டி மாட்டலாமா?" என்று அவன்தான் கேட்டான். நான் கேட்கவில்லை.

"மாட்டலாம். எல்லாம் முளை அடிச்சதுதான், ஆணி இல்ல. முளையத் தட்டி எடுத்தா சேதாரம் இல்லாம வந்துரும். ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி நம்பர் போடணும். எந்தப் போதிகை எந்தத் தூணோடதுன்னு மாறிச்சுன்னா பொருந்தாது. பாக்கத்தான் ஒண்ணு மாதிரி இருக்கும், ஒவ்வொண்ணும் அது அதுக்குத்தான் அறுத்திருக்கும்."

முன்பக்கம் கடை வரும். அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டார், அப்பா இன்னும் போடவில்லை. போன வாரம் சுண்ணாம்புக் கட்டி வாங்கிப் போய், வடகிழக்கு மூலைத் தூணிலிருந்து வலமாகத் தொடங்கி, தூணுக்கு ஒன்றும் அதன் போதிகைக்கு அதே எண்ணும் எழுதிவிட்டு வந்தோம்.